நகராத எலக்ட்ரானும் நாலு ஊர் மறியலும்

என் ஆராய்ச்சி வாழ்க்கையின் மிக முக்கியமான பயணம் போலீஸ் வண்டியில்தான் நடந்தது. கைது செய்தது போலீஸ். கைதாகும் நிலைக்குக் கொண்டுவந்தது என் அப்பா. இதை வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் டீ குடிக்கும்போது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் ஊரில் சொன்னால், "சரி, அன்னிக்கு மண்டபத்துல என்ன சாப்பாடு போட்டாங்க?" என்று கேட்பார்கள்.

அப்போது நான் திருவாரூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. என் வேலை படிகம் வளர்ப்பது. கோபால்ட்டையும் வெள்ளீயத்தையும் ஒரு குவார்ட்ஸ் குழாயில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, குழாயின் வாயை உருக்கி மூடி, உலையில் வைப்பேன். இரண்டும் உருகிக் கலந்த பிறகு மணிக்கு இரண்டு டிகிரி வீதம் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கட்டிதட்டிப் போகும். பல நாள் பொறுத்து, குழாயை வெளியே எடுத்துக் கவிழ்த்துச் சுழற்றி, மிச்ச வெள்ளீயத்தை வடித்துவிட்டால், அரிசி நீளத்துக்கு ஆறு பட்டையுள்ள சின்னச் சின்னத் தூண்கள் பளபளவென்று மிஞ்சும். கரண்ட் போய்க் கெட்டது, விரிசல் விட்டுக் கெட்டது, என் அவசரத்தால் கெட்டது என்று எல்லாம் போக, அந்த வருஷம் ஒரே ஒரு குழாய் நன்றாக வந்தது. அதில் ஏழு படிகங்கள்.

இந்த ஏழுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். என் அம்மா தினமும் கேட்டார். சாதாரண உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் சும்மா இருக்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் மாற மாற ஆற்றலும் மாறும். வரைபடத்தில் போட்டால் வளைந்து ஏறுகிற கோடு வரும். எங்கள் படிகம் அடுக்கடுக்கானது. ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்கில் கோபால்ட் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக, மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முக்கோணங்களுக்கு நடுவே ஆறு பக்கக் கட்டம் ஒன்று விழும். இப்படி அமைந்த அடுக்கில் சில எலக்ட்ரான்கள் எங்கும் போகாமல் நின்றுவிடும் என்பது கணக்கு. அவற்றின் கோடு ஏறாது, வளையாது, படுத்தேவிடும். அதைத் தட்டைப் பட்டை என்போம்.

என் படிகத்தில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய ஒளி இயந்திரம் வேண்டும். ஒளியை அடித்தால் உள்ளேயிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வரும். எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று அளந்தால், அது உள்ளே ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றில் எனக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள், அதுவும் மூன்றாவது விண்ணப்பத்தில், வெளிநாட்டில். என் உதவித்தொகை அந்த டிசம்பரோடு தீர்கிறது. அந்த மூன்று நாளைத் தவறவிட்டால் என் ஆராய்ச்சியும் தீர்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் திருச்சி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். படிகங்களைப் பஞ்சு வைத்து ஒரு மாத்திரை டப்பாவில் அடைத்து, டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். கையில் ஒன்பது மணி நேரம் இருக்கிறது, நிம்மதியாகப் போகலாம் என்று ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பஸ் நின்றிருந்தது. எனக்கு முன்னால் முப்பது நாற்பது வண்டிகள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால், தூரத்தில் சிவப்புக் கொடி. அது எங்கள் ஊர்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு எங்கள் வட்டாரத் தலைவர். மிராசுதார் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. கூலி கேட்டு, மனைப்பட்டா கேட்டு, குத்தகைப் பதிவு கேட்டு என்று அப்பா உள்ளே போய்வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஆட்சி மாறும்போது வாசலில் வந்து நிற்பவர்களின் வேட்டிக் கரை மாறும். அப்பாவைப் பிடித்து வைக்கிற கல்யாண மண்டபம் மட்டும் மாறாது. இத்தனை தடவையிலும் தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், தெரு எதையும் போலீஸிடம் மாற்றிச் சொன்னதில்லை என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. கடைசியில் நாலு மா நிலம், அதாவது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, அவர் பெயரில் பட்டாவோடு வந்தது. அந்த வருஷம் ஒரு எண்ணெய்க் குழாய் அந்த நாலு மாவின் குறுக்கே போகவேண்டும் என்று வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறியல் புதன்கிழமை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பயணம் வைத்தது திங்கட்கிழமை. ஆனால் ஞாயிறு மாலையே மண் தோண்டும் இயந்திரம் நடவு வயலுக்குள் இறங்கிவிட்டதால் மறியலும் முன்னால் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போய் அப்பாவின் முன்னால் நின்றேன். அவர் தார்ச்சாலை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கா உனக்குப் பயணம்?"

"போன வாரம்தானப்பா போன்ல சொன்னேன்!"

"திங்கக்கிழமைன்னு சொன்ன. இன்னிக்குத் திங்களா?"

அப்பாவுக்கு மறியல் வந்துவிட்டால் கிழமை மறந்துவிடும். நடந்து அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடிக்கலாம் என்றால், தஞ்சாவூர் போகிற வழியில் இன்னும் மூன்று ஊர்களில் அதே நேரத்தில் மறியல். யாராவது பைக்கில் உள் சாலை வழியாகக் கொண்டுவிடலாம் என்றால், அந்த உள் சாலையைத்தான் குழாய்க்காக வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆக, என் பஸ்ஸை அவர்கள் விட்டால்தான் உண்டு. ஒரு பஸ் போனால் அடுத்த ஊர்க்காரர்களும் தலைவர் சொன்னார் என்று விடுவார்கள்.

எங்கள் பக்க மறியலுக்குச் சட்டதிட்டம் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழி. பெண்ணோ மாப்பிள்ளையோ இருக்கும் கல்யாண வண்டிக்கு வழி. பிணத்துக்கு வழி. வேறு எதற்கும் கிடையாது. இதை அப்பா மைக்கில் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல நீ எதுல வர்ற?"

"பரீட்சைன்னு வச்சுக்கங்க."

"ஹால் டிக்கெட் இருக்கா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அது அப்பா கொடுத்த சொத்து. நாற்பது பெண்கள், அதே அளவு ஆண்கள், அத்தனை பஸ் பயணிகள் முன்னிலையில் கத்தினேன். மூன்று வருஷ உழைப்பு, மூன்றே நாள் வாய்ப்பு, போனால் திரும்பாது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நடவுப் பெண்களின் கொத்துக்கு, அதாவது வேலைக் குழுவுக்கு, தலைவி ஒரு அத்தை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர்தான் முதலில் இளகினார். "விடுங்கண்ணே, புள்ள படிப்பு" என்றார். உடனே பஸ் வரிசையிலிருந்து சீர்வரிசைத் தட்டுகளோடு ஒருவர் குதித்தார். "தலைவர் பொண்ணுன்னா வழி, எங்க வீட்டுச் சீருக்கு வழி இல்லையா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான் என்று எனக்கும் அப்போதே தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

அப்பா மைக்கை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "விட முடியாதும்மா. இன்னிக்கு உன்னை விட்டா நாளைக்கு எவனும் ரோட்டுல உக்கார மாட்டான்." அவர் குரல் உடைந்திருந்தது. நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி, போய்ப் பெண்களுக்கு நடுவில் சாலையில் பொத்தென்று உட்கார்ந்தேன். மணி பத்தே முக்கால்.

அத்தை தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "எங்க, அதக் காட்டு" என்றார். மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினேன். கைக்குக் கை போய்விடாமல் நானே பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் தலைகள் குனிந்தன.

"இவ்வளவுதானா? மூக்குத்திக்குக்கூடப் பத்தாதே."

"இதுக்குள்ள நகராம நிக்கிற எலக்ட்ரான் இருக்கான்னு பாக்கணும் அத்தை."

"ஏன் நிக்குது? எவனாச்சும் மறிச்சானா?"

"யாரும் மறிக்கல. அதான் விசேஷம்."

செங்கல் துண்டு ஒன்றை எடுத்துத் தார்ச்சாலையில் முக்கோணங்களை வரைந்தேன். எலக்ட்ரான் அலையாகப் போவது என்பதை விளக்க நடவு வயலையே எடுத்துக்கொண்டேன். தேங்கி நிற்கிற தண்ணீரில் இரண்டு பக்கமிருந்து இரண்டு அலை வருகிறது. ஒன்று மேடாக வரும்போது மற்றது பள்ளமாக வந்தால், சந்திக்கிற இடத்தில் தண்ணீர் அசையாது. இந்த ஆறு பக்கக் கட்டத்தைச் சுற்றி எலக்ட்ரான் அலை ஒரு அணுவில் மேடு, அடுத்த அணுவில் பள்ளம் என்று மாறி மாறி இருக்கும். வெளியே போகிற ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்தே போய்ச் சேரும். மூலையில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதனால் வெளியேற முடியாமல் கட்டத்துக்குள்ளேயே நிற்கும்.

"கதவு தொறந்துதான் கெடக்கு, ஆனா போவாது" என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். வேலைக்குப் போன்னு நான் ஒரு பக்கம் தள்ளுவேன், வெயிலு அடிக்குதுன்னு மாமியா ஒரு பக்கம் இழுக்கும். மனுசன் வீட்டுக்குள்ளயே நிப்பாரு."

சாலையே சிரித்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு அக்கா மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். "நிக்கிறதப் பாத்து என்ன ஆவப்போவுது? ஓடுனாத்தான கரண்டு?" என்று கேட்டார். எங்கள் துறைக் கருத்தரங்குகளில்கூட இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. ஓடுகிற எலக்ட்ரான் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது, நிற்கிற எலக்ட்ரான்களுக்குத்தான் ஒன்றின் மேல் ஒன்று தாக்கம் அதிகம், அப்படிச் சேர்ந்தால் திடீரென்று காந்தமாகலாம், தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தலாம், எதிர்பாராத என்னென்னவோ ஆகலாம் என்றேன். அந்த அக்கா சாலையில் இரண்டு பக்கமும் பார்த்தார். சீர்வரிசைக்காரர் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் ஊரிலும் குழாய் வருகிறதென்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர்கள் மரத்தடியில் சங்கத்து மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். "சரிதான்" என்று மட்டும் சொன்னார் அந்த அக்கா.

பதினொன்றரைக்கு போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியில் கலைந்து போகச் சொன்னார். தாசில்தார் வந்து, அறுவடை முடியும்வரை தோண்டமாட்டோம் என்று எழுதித் தந்தால் கலைகிறோம் என்றார் அப்பா. தாசில்தார் கூட்டத்தில் இருக்கிறார் என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா எழுந்து நின்று கோஷத்தை ஆரம்பித்தார்.

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். பேச்சு வருவதற்கு முன்னாலேயே கோஷம் பழகிய வீட்டில் பிறந்தவள் நான். தொட்டிலில் கிடந்தபோதே கேட்ட குரல் அது. "விளைநிலத்தை" என்று அப்பா எடுத்ததும், "வெட்டாதே!" என்று என் வாய் சொன்னது, என் வலது கை தானாக மேலே போனது. நான் ஒரு பயணி, மாணவி, கையில் விமான டிக்கெட் இருக்கிறது என்பதெல்லாம் கைக்கு எப்படித் தெரியும்? அடுத்த நிமிஷம் ஒரு பெண் போலீஸ் என் முழங்கையைப் பிடித்தார்.

"நான் பஸ்ல வந்தவங்க! பாசஞ்சர்!"

"பாசஞ்சர்தான் முஷ்டியைத் தூக்குனீங்களா? ஏறுங்க, ஏறுங்க."

வண்டிக்குள் என்னைப் பெண்களோடு நெருக்கி உட்காரவைத்தார்கள். அப்பாவையும் மற்ற ஆண்களையும் இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். என் படிகம், என் கோடு, என் மூன்று நாள் எல்லாம் போயிற்று என்று அத்தையின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தேன். வண்டி கிளம்பி ஐந்து நிமிஷம் கழித்து அத்தைதான் என் தொடையில் தட்டினார்.

"ஏ புள்ள, வெளிய பாரு. எந்தப் பக்கம் போவுது?"

பார்த்தேன். ஆவணி முகூர்த்த நாள். வழக்கமான மண்டபத்திலும் பக்கத்து ஊர் மண்டபங்கள் எல்லாவற்றிலும் கல்யாணம். கைதானவர்களை வைக்க இடமில்லாமல், போலீஸ் எங்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. சைரன் போட்டுக்கொண்டு போலீஸ் வண்டி வந்ததும் அடுத்த மூன்று ஊர் மறியல்காரர்களும் எழுந்து கோஷம் போட்டு வழிவிட்டார்கள். அன்றைக்கு அந்தச் சாலையில் ஓடியது போலீஸ் வண்டி மட்டும்தான். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

மண்டபத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை. திருச்சிக்குப் போய்விடலாம். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விடுவார்கள், அதுதான் வழக்கம். வாசலில் மேஜை போட்டு ஒரு ஏட்டு பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பைகளைப் பார்த்த பெண் போலீஸ் மாத்திரை டப்பாவைத் திறந்து, "என்னங்க இது?" என்றார். "படிகம், என் ஆராய்ச்சி" என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை, மூடிப் பையிலேயே போட்டுவிட்டார். பெயர் எழுதுவதில் இன்னொரு தொல்லையும் இருந்தது: பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் எப்போது வேண்டுமானாலும் அந்தப் பதிவு குறுக்கே வரலாம். என் முறை வந்தது.

"பேரு? தகப்பன் பேரு?"

எனக்கு முன்னால் தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் கணீரென்று சொல்லி முடித்துவிட்டு நின்றிருந்த அப்பா திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, இந்தப் பொண்ணு எங்க ஆளு இல்லைங்க."

"கோஷம் போட்டுச்சாமே?"

"நடுவுல மாட்டிக்கிச்சு, பயத்துல கையத் தூக்கிடுச்சு. யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அதை மறைக்க எந்தச் சாட்சியாலும் முடியாது. நான் பிறந்த அன்றைக்கே என்னைப் பார்த்த நாற்பது பெண்கள் பின்னால் நின்றார்கள். ஒரு சத்தமில்லை. பிறகு அத்தை மட்டும் பெருமூச்சு விட்டு, "யாரு பெத்த புள்ளையோ பாவம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஏட்டின் பேனாவைக் கையால் தடுத்தார். "அந்தம்மாவை அனுப்பிடுங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருக்கலாம்.

பையை எடுத்துக்கொண்டேன். அப்பா என்று கூப்பிட வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமல் வாசல் வரை நடந்தேன். அதுவரைக்கும் அத்தனை நீளமான மண்டபத்தில் நான் நடந்ததில்லை. வெளியே வந்து திருச்சி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நாலே காலுக்கு விமான நிலையத்தில் இருந்தேன்.

உள்ளே போவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய்தேன். போலீஸ் போனைப் பிடுங்கவில்லை, சாம்பார் சாதம் நன்றாக இருந்தது, மூன்று மணிக்குத் தாசில்தார் வந்து எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ரோட்டில் என்னை விடவில்லை, இங்கே மட்டும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அப்பா சொன்னார்: "ரோட்டுல விட்டிருந்தா ஊரோட சொல்லு போயிருக்கும்மா. இங்க என் சொல்லு ஒண்ணுதான போச்சு. போயிட்டுப் போவுது."

அந்த மூன்று நாளில் இரண்டு நாளை நான்கு படிகங்கள் விழுங்கின. காற்றில்லாத அறைக்குள் படிகத்தை உடைத்துப் புதிய முகம் எடுக்க வேண்டும். நான்கும் தாறுமாறாக உடைந்தன. ஐந்தாவது கண்ணாடி போல் உடைந்தது. ஒளியைப் போட்டதும் திரையில் கோடுகள் மெல்ல மெல்ல ஊறி வந்தன. மற்றவை எல்லாம் வளைந்து ஏறின, இறங்கின. ஒன்று மட்டும் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை அசையாமல் படுத்திருந்தது. நான் அங்கேயே ஒரு கோஷம் போட்டேன். கை தானாகவே மேலே போனது. அங்கிருந்த தொழில்நுட்பக்காரர் பயந்து ஓடிவந்தார்.

கட்டுரை அடுத்த வருஷம் அறுப்பு நடக்கும்போது வெளியானது. தாசில்தார் எழுதிக் கொடுத்த காலம் முடிகிறது, மறுபடி தோண்ட வருவார்கள், அதற்கு எந்தத் தேதியில் மறியல் என்ற பேச்சில் வீடு நிறைந்திருந்தது. எல்லோரும் போன பிறகு, அச்சடித்த தாளை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக அடையாளம் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பெயர் எது என்று கேட்டார். காட்டினேன். அவர் விரல் என் பெயரில் நிற்கவில்லை, அதற்கு முன்னால் புள்ளி வைத்திருந்த ஒற்றை எழுத்துக்குப் போனது.

"இது நானா?"

"நீங்கதான்பா."

அந்த எழுத்தை விரலால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த இன்ஸ்பெக்டர் கண்ணுல மட்டும் காட்டிடாத" என்றார்.